வேலையை விட்டார், வேறு பள்ளியில் சேர்ந்தார்

ஒரு வக்கீல் தொழில் ஒழுக்கம் தவறினால் பார் கவுன்சில் விசாரிக்கும். குற்றம் நிரூபணமானால் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரையே நீக்கலாம் என்கிறது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. பதிவு ரத்தானால் ஊர் மாறிப் போனாலும் அவர் போர்டு மாட்ட முடியாது. ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? பி.எட். சான்றிதழ் இருக்கிறது, டெட் தேர்ச்சி இருக்கிறது. இரண்டும் படித்ததற்கும் தேறியதற்குமான அத்தாட்சிகள். 1993ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், ஆசிரியராக என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது. இன்னார் இனி எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையக்கூடாது என்று சொல்ல நாட்டில் ஓர் அமைப்பும் இல்லை. பெயரை நீக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பட்டியல் வேண்டுமே!

இந்தக் குறையை நாம் பெரிதாகப் பேசுவதில்லை. பிள்ளையிடம் ஓர் ஆசிரியர் தவறாக நடந்தார் என்று செய்தி வரும் ஒவ்வொரு சம்பவத்தின்போதும் பேசுவதெல்லாம் தண்டனையைப் பற்றித்தான். கைது செய், டிஸ்மிஸ் செய், தூக்கில் போடு. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆசிரியர் அந்தப் பள்ளிக்கு எப்படி வந்தார், அதற்கு முந்தைய பள்ளியை ஏன் விட்டார், அப்போது யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகின்றன.

அரசுப் பள்ளியில் புகார் எழுந்தால் என்ன நடக்கும் என்பது துறையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். தலைமையாசிரியரிடமிருந்து மேலே அறிக்கை போகும்; அது முதன்மைக் கல்வி அலுவலர் வரை செல்லும். புகார் கடுமையானதென்றால் சஸ்பென்ஷன். பிறகு மெமோ. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கான வழி, 17(பி) பெருந்தண்டனைக்கான வழி. ஆசிரியர் அறையில் விதியின் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. "அவருக்கு செவன்டீன் பி குடுத்துட்டாங்க" என்றால் மற்றது எல்லோருக்கும் புரியும்.

குற்றச்சாட்டுகளை எழுத்தில் தருவார்கள். ஆசிரியர் விளக்கம் கொடுப்பார். விசாரணை அலுவலரை நியமிப்பார்கள். சாட்சி, குறுக்கு விசாரணை, அறிக்கை, அந்த அறிக்கை மீது இன்னொரு விளக்கம், கடைசியில் ஆணை. அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு அரசு ஊழியருக்குத் தந்த பாதுகாப்பின்மீது நிற்கிற நடைமுறை இது. வெற்றுச் சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உள்ளூர் அரசியலாலும் சாதிக் காழ்ப்பாலும் பொய்ப் புகாரில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஆசிரியருக்கு இதைவிட்டால் வேறு கவசம் கிடையாது. ஆசிரியர் சங்கங்கள் இதை விட்டுக்கொடுக்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நடைமுறை ஓர் ஊழியருக்கும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காகத்தான் எதையும் பார்க்கும். தாமதமாக வந்தார், பணத்தைக் கையாடினார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார் என்பவற்றுக்கு அது பொருந்தும். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டு அதே கோப்பில் வரும்போது, பிள்ளை வெறும் சாட்சியாகிவிடுகிறாள். சாட்சி எண் 3, சாட்சி எண் 4.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் இந்த விஷயத்தில் நிறைய யோசித்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். போலீஸ்காரர் சீருடையில் போகக்கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் கிரிமினல் கோர்ட்டுக்கு. துறை விசாரணைக்கு இதில் எதுவும் தானாகப் பொருந்துவதில்லை. ஓர் அலுவலக அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் அதே ஆசிரியர் உட்கார்ந்திருக்க, அவள் மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரலாம். குறுக்கு விசாரணை அவருடைய உரிமை.

இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் முன்பே பார்த்திருக்கிறது. நவோதயா வித்யாலயா ஆசிரியர் அவினாஷ் நாக்ரா தொடர்ந்த வழக்கு அது. தீர்ப்பு 1996இல் வந்தது. மாணவியிடம் தவறாக நடக்க முயன்றதாகப் புகார். நிர்வாகம் மாணவிகளின் வாக்குமூலங்களை வாங்கியது, சுருக்க விசாரணை நடத்தியது, முறையான துறை விசாரணை இல்லாமலே அவரை வேலையிலிருந்து நீக்கியது. மாணவியை விசாரணைக்கு இழுத்துக் குறுக்குக் கேள்விகளுக்கு ஆளாக்குவது அவளுக்குக் கேடு என்பது நிர்வாகம் சொன்ன காரணம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கேந்திரிய வித்யாலயாவின் கல்வி விதித்தொகுப்பிலும் 81(பி) என்று இதே போன்ற ஒரு பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் இந்த இரண்டு பள்ளி அமைப்புகளுக்கும் அப்படி ஒரு தனிவழி உண்டு. மாநில அரசின் பள்ளிகளில் 311இன் விதிவிலக்கைப் பயன்படுத்தலாம் என்றாலும், விசாரணை நடத்த ஏன் சாத்தியப்படவில்லை என்பதை எழுத்தில் நிறுவ வேண்டும். அதற்கு அதிகாரிகள் தயங்குவார்கள்.

என்னைக் கேட்டால், நாக்ரா வழக்கின் வழி அளவோடு கையாள வேண்டிய மருந்து. விசாரணையே இல்லாமல் ஒருவரை அனுப்பும் அதிகாரம் தவறான கையில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் பிள்ளை கொடுத்த வாக்குமூலத்தைத் துறை விசாரணையிலும் முக்கிய ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரின் கேள்விகளை எழுத்தில் வாங்கி விசாரணை அலுவலரே கேட்கலாம். பிள்ளை ஒரு முறை சொன்னதைப் பதிவு செய்து, மறுபடி மறுபடி சொல்ல வைக்காமல் விடலாம். விதியில் நாலு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த நோய், "கோர்ட்டு முடியட்டும்". கிரிமினல் வழக்கு நடக்கிறது, அதன் முடிவு தெரிந்தபின் பார்க்கலாம் என்று துறை நடவடிக்கையைக் கிடப்பில் போடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று 1999இல் கேப்டன் பால் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டமும் சம்பவமும் சிக்கலாகப் பின்னிக்கிடக்கும் வழக்குகளில் மட்டுமே துறை நடவடிக்கையை நிறுத்திவைக்கலாம். நிரூபணத்தின் அளவுகோலும் வேறு. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று தெரிந்தாலே போதும். சாட்சிகள் பிறழ்ந்து கோர்ட்டில் விடுதலையானவரைத் துறை தண்டிக்க முடியாது என்று நினைத்தால் தவறு, முடியும். தாமதம் யாருக்கும் நல்லதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குற்றமற்ற ஆசிரியர் ஊர்ப் பேச்சுக்கு நடுவே பிழைப்பூதியத்தில் நாளைத் தள்ளுவதும் கொடுமைதான்.

சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பதற்கு ராஜஸ்தான் வழக்கு ஒன்றே போதும். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீது மாணவியின் தந்தை 2022இல் புகார் கொடுத்தார். சில நாட்களில் சமரசம். தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் விடாமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 நவம்பரில் அந்த உத்தரவு ரத்தானது. குழந்தைக்கு எதிரான இப்படிப்பட்ட குற்றம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் தனிப்பட்ட தகராறு அல்ல என்றது நீதிமன்றம். "பொம்பளப் புள்ள விஷயம், பேர் கெட்டுப்போயிடும்" என்று பெற்றவர்களை உட்கார வைத்துப் பேசும் பஞ்சாயத்து ராஜஸ்தானில் மட்டும்தான் நடக்கிறது என்று நம்மால் சொல்ல முடியுமா? அந்தப் பஞ்சாயத்தின் வழக்கமான தீர்வு ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றுவது. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தனியார் பள்ளிகளில் இடமாற்றமும் தேவையில்லை. ஒரு ராஜினாமாக் கடிதம் போதும். "சொந்தக் காரணங்களுக்காக" என்று இரண்டு வரி. பள்ளியின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஆசிரியர் கையில் அனுபவச் சான்றிதழோடு அடுத்த பள்ளியின் நேர்காணலுக்குப் போகிறார். அங்கே யாரும் போன் போட்டு விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் "நல்லா பாடம் எடுப்பாருங்க" என்றுதான் பதில் வரும்.

இப்படி மறைப்பதே குற்றம் என்பது பல தாளாளர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் துணிகிறார்கள். போக்சோ 19ஆவது பிரிவின்படி விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்கு வராது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த கொடுமையில், முகாம் நடத்தியவரோடு பள்ளியின் முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். பிள்ளைகள் வந்து சொன்னபிறகும் மூடி மறைக்கப் பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்.சி.சி. பிறகு சொன்னது. யாரென்றே சரிபார்க்காமல் ஓர் ஆளைப் பிள்ளைகளோடு தங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளி ஊழியர்கள் அனைவருக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது.

2021 மே மாதம் சென்னையின் பெயர் பெற்ற ஒரு பள்ளியின் ஆசிரியர் கைதானபோது புகாரை வெளியே கொண்டுவந்தவர்கள் முன்னாள் மாணவிகள், அதுவும் சமூக ஊடகத்தில். படிப்பு முடிந்து, மதிப்பெண்ணும் டி.சி.யும் பள்ளியின் கையில் இல்லாத நிலைக்கு வந்தபிறகுதான் பேச முடிந்திருக்கிறது. அதையடுத்து ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு உத்தரவிட்டது. பெற்றோரும் அதில் உறுப்பினர்கள். ஆனால் தலைமை தாங்குவது பள்ளித் தலைமையாசிரியரோ முதல்வரோதான். பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டியவரும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியவரும் ஒரே ஆளாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கிலாந்து இதில் வலியோடு பாடம் படித்த நாடு. 2002இல் சோஹம் என்ற சிற்றூரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் உள்ளூர்ப் பள்ளியின் பராமரிப்பாளர். வேறொரு பகுதிப் போலீசிடம் அவர் மீது முன்பே புகார்கள் இருந்தன. வேலையில் சேர்க்கும்போது அந்தத் தகவல் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. விசாரணைக் கமிஷன், 2006இல் புதுச் சட்டம், தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் என்று அடுத்தடுத்து வந்தன. ஆசிரியர்களுக்கென்று தனி ஒழுங்குமுறை முகமை இருக்கிறது. ஆசிரியர்களும் பொதுமக்களும் கலந்த குழு விசாரிக்கிறது. தடை விதித்தால் முடிவு பெயரோடு வெளியாகிறது. எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: ஆசிரியர் முந்திக்கொண்டு ராஜினாமா செய்துவிட்டாலும், இருந்திருந்தால் டிஸ்மிஸ் செய்திருப்போம் என்றால், முகமைக்கு அனுப்புவதா என்று பள்ளி பரிசீலித்தாக வேண்டும். அங்கேயும் விசாரணைகள் இழுக்கத்தான் செய்கின்றன, ஆசிரியர்கள் குமுறத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் ராஜினாமா அங்கே தப்பிக்கும் கதவாக இல்லை.

இங்கே தமிழ்நாடு அரசு 2012லேயே ஓர் அரசாணை போட்டது. பாலியல் குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம் வரை போவதோடு, கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்றது அது. 2025இல் கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மூவர் கைதானபின் அந்த அரசாணையை மறுபடி தூசி தட்டினார்கள். கேட்க ஆவேசமாக இருக்கிறது. ஆனால் ஒருவர் பி.எஸ்ஸி. கணிதம் படித்தது பொய்யில்லையே. பட்டத்தைப் பிடுங்குவது கோர்ட்டில் எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. அவர் கற்பிக்கும் உரிமையைப் பிடுங்குவதுதான் தேவை. அதற்குப் பதிவேடு வேண்டும். 2018இல் மத்திய அரசு தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் தண்டனை பெற்றவர்களுக்கானது, அதையும் சட்ட அமலாக்கத் துறையினர் மட்டுமே பார்க்க முடியும். அனுபவச் சான்றிதழை நீட்டும் ஆசிரியரைப் பற்றி ஒரு பள்ளி முதல்வர் அதில் தேடிப் பார்க்க வழியில்லை.

சட்டம் செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்தபின் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இந்தப் பள்ளியில் வேலை செய்கிற எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு ஆகிவிட்டதா, வேன் டிரைவரும் பி.டி. மாஸ்டரும் சேர்த்து? பாதுகாப்புக் குழுவில் இருக்கும் பெற்றோர் யார், அது கடைசியாக எப்போது கூடியது? பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களும் தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள்.