உப்புக்காற்றும் கடையின் வயர்ப்பெட்டியும்

எமது வர்த்தகர்கள் பலர் கணினிக்கும் பில் அடிக்கும் இயந்திரத்துக்கும் தாராளமாகச் செலவழிக்கின்றனர். ஆனால் இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச், ரவுட்டர், வயர்கள் அடங்கிய பெட்டியோ படிக்கட்டுக்குக் கீழே, கருவாட்டு மூட்டைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பக்கங்களில் இப்பெட்டிகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் வருபவன் என்ற வகையில் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

உப்பின் குணத்தை உப்பளம் உள்ள ஊராருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை இருட்டினால் உப்பு மூட்டை கசியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. பெட்டிக்குள்ளும் இதுவே நடக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் கற்பிட்டியில் உப்புத்தூள் எங்கும் படியும். வயர் முனையிலுள்ள செப்புத் தகட்டுக்குத் தங்கப் பூச்சு உண்டு. தரமானவற்றில் அது 50 மைக்ரோ அங்குலம், மலிவானவற்றில் பெயருக்குத்தான். பூச்சு விட்ட இடத்தில் பச்சை பிடிக்கிறது.

வயர் அறுந்தால் உடனே தெரிந்துவிடும். பச்சை பிடித்தால் தெரியாது. 1,000 மெகாபிட் வேகத்தில் ஓட வேண்டிய தொடர்பு 100க்கு இறங்கும். பில் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. முதலாளி இணையக் கம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பார்!

பெரிய சேர்வர் நிலையங்களில் செப்புத் தகடொன்றை வைத்து, மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ரொம்முக்கு மேல் அரிக்கிறதா என அளப்பார்கள். எமக்கு அவ்வளவு தேவையில்லை. சுரண்டிச் சுத்தமாக்கிய செப்பு வயர்த் துண்டொன்றைப் பெட்டிக்குள் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். விரைவில் கருத்தாலோ பச்சை பிடித்தாலோ பெட்டியின் இடத்தை மாற்றுங்கள்: கடல் பக்க யன்னலுக்கும் கருவாட்டுக்கும் தூரமாக, உட்சுவரில். பாவிக்காத துளைகளுக்கு மூடி போடுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் சுவிட்சை அணைப்பவர்களும் இருக்கிறார்கள்; சூடு ஆறிய பொருளில்தான் ஈரம் சேரும்.

அடுத்தது வயர்களின் ஒழுங்கு. ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், மொத்தக் கடையொன்றின் ஐந்து பில் மேசைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. பெட்டியைத் துடைத்த பையன், தொங்கிய வயர் முனையொன்றை நல்லெண்ணத்தில் சுவிட்சில் செருகியிருக்கிறான். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. அனுப்பிய தகவலே சுற்றிச்சுற்றி வந்து பாதையை அடைத்துவிட்டது. எந்த வயரிலும் பெயரில்லாததால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க இரண்டரை மணி நேரமானது. அதுவரை கடையில் கைப்பில்தான்.

சிறு கடைக்கு மட்டும் வரும் வியாதியல்ல இது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையின் வலையமைப்பு இத்தகைய சுழலில் சிக்கி, நாட்கணக்கில் காகிதத்திலேயே வேலை நடந்தது. இச்சுழலைத் தடுக்கும் முறையை ரேடியா பேர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர் 1985இலேயே வகுத்திருந்தார். அம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மிக மலிவான சுவிட்சுகளில் அதுவும் இருக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன? எச்.பி. நிறுவனம் 2006இல் வெளியிட்ட சீ7000 என்ற கூட்டில் 16 சேர்வர்கள் வரை அடங்கும். அதன் பின்புறம் இணைப்புக் கருவிகளுக்கென்றே எட்டு இடங்கள். அவற்றைச் சோடி சோடியாகப் போடுவார்கள். ஒன்று செத்தால் மற்றது ஓடும். எம்மால் அக்கூட்டை வாங்க முடியாது, வாங்கவும் தேவையில்லை. ஆனால் உதிரியாக ஒரு சிறு சுவிட்சை உறை பிரிக்காமல் அலுமாரியில் வைக்கலாமே! கணினிக்கு யூ.பி.எஸ். வைத்திருப்பவர்கள் பெட்டிக்கும் அதிலிருந்து ஒரு வயர் இழுக்கலாம். 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டு, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தபோது, கணினி எரிந்தும் பில் வராத கடைகளுக்குச் சென்றிருக்கிறேன். காரணம், சுவிட்சுக்கு மின்சாரமில்லை.

புதிதாகப் பெட்டி பொருத்துபவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன், வயரின் இரு முனைகளிலும் இலக்கம் ஒட்டச் சொல்லுங்கள். எந்த இலக்கம் எந்த மேசைக்கு என்ற பட்டியலும் ரவுட்டரின் கடவுச்சொல்லும் உங்கள் கைக்கு வரவேண்டும். பட்டியலின் பிரதியைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். கடவுச்சொல்லைக் கணக்குப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள்.