நீங்கள் வளர்ப்பது எந்த செல்? லேப் விஞ்ஞானிகளுக்கு சங்கம் ஏன் தேவை?

புதிய புற்றுநோய் மருந்து ஒன்றை மனிதர்களுக்குக் கொடுக்கும் முன், லேபில் வளர்க்கப்படும் செல்களில் சோதித்துப் பார்ப்பார்கள். உடலுக்கு வெளியே, சத்துத் திரவத்தில், 37 டிகிரி வெப்பத்தில் செல்களை வளர்க்கும் இந்த வேலைக்கு 'செல் கல்ச்சர்' என்று பெயர்.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒரு வகை செல் இன்னொன்றில் கலந்துவிட்டால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. ஆராய்ச்சியாளர் கல்லீரல் செல் என்று நம்பி, வேறு எதையோ வருடக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருப்பார்.

அதிரவைத்த 1966 மாநாடு

செல் கல்ச்சர் ஆய்வாளர்களுக்காக அமெரிக்காவில் 1946-ல் உருவானது 'டிஷ்யூ கல்ச்சர் அசோசியேஷன்'. இன்று அதன் பெயர் 'சொசைட்டி ஃபார் இன் விட்ரோ பயாலஜி'. இந்தச் சங்கம் 1966-ல் பென்சில்வேனியாவில் நடத்திய மாநாட்டில், ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் விஞ்ஞானி பேசினார். வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்ததாக நம்பப்பட்ட 18 வகை செல்களைச் சோதித்ததாகவும், எல்லாவற்றிலும் ஒரே என்சைம் அடையாளம் இருந்ததாகவும் அவர் சொன்னார். அது ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் அடையாளம்.

எல்லாம் 'ஹீலா' செல்களாக இருக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, 1951-ல் அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. சுமார் ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும். ஒரே பிப்பெட்டை இரண்டு குடுவைகளுக்குப் பயன்படுத்தினால்கூட, ஹீலா உள்ளே புகுந்து மற்ற செல்களை ஓரங்கட்டிவிடும்.

அரங்கில் இருந்த பலருக்கு இது கசந்தது. எத்தனையோ வருட உழைப்பு கேள்விக்குறியானது. ஆனால், அவரவர் லேபுக்குள்ளேயே இருந்திருந்தால் இந்த உண்மை வெளியே வர இன்னும் தாமதமாகியிருக்கும். பல லேப்களின் செல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டதால்தான் குட்டு உடைந்தது.

இன்றும் தீராத தலைவலி

தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வகைகளை ஒரு சர்வதேசக் கமிட்டி பட்டியலிட்டு வருகிறது. அதில் 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இன்னொரு வில்லன். இது புகுந்தாலும் திரவம் கலங்காது. பென்சிலினுக்கும் அடங்காது.

சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

* இரண்டாவது கண்: மாநாட்டில் போஸ்டர் வைக்கும் மாணவரிடம், "இந்த செல்லுக்கு டி.என்.ஏ அடையாளச் சோதனை செய்தீர்களா?" என்று யாராவது கேட்பார்கள். கட்டுரை வெளியான பிறகு தவறு தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல்.
* கைப்பழக்கம்: செல்களை உறையவைப்பது, மீண்டும் உயிர்ப்பிப்பது போன்றவை புத்தகத்தைப் படித்தால் மட்டும் வராது. பயிலரங்குகளில் அனுபவசாலிகள் செய்வதைப் பார்த்துக் கற்கலாம்.
* செலவு குறையும்: பல சங்கங்களில் உறுப்பினர்களுக்கு மாநாட்டுக் கட்டணம் குறைவு. மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை தரும் சங்கங்களும் உண்டு.
* தொடர்புகள்: வேலை, மேற்படிப்பு, கூட்டு ஆராய்ச்சி பற்றிய தகவல்கள் முதலில் இங்கேதான் காதுக்கு வரும்.

நம் ஊர் மாணவர்களுக்கு

இந்தியாவில் 'இந்தியன் சொசைட்டி ஆஃப் செல் பயாலஜி' இயங்குகிறது. இந்திய லேப்களுக்கு செல்களை வழங்கும் தேசிய செல் அறிவியல் மையம் புனேயில் இருக்கிறது. சிறிய கல்லூரி லேபில் தனியாக வேலை செய்யும் பயோடெக் மாணவருக்கு இத்தகைய தொடர்புகள் பெரிய பலம்.

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். மாணவர் கட்டணம் தனியாக உண்டா? வருடம் ஒரு கூட்டமாவது நடக்கிறதா? அங்கே இளையவர்கள் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், பயோடேட்டாவில் ஒரு வரி கூடுமே தவிர, உங்கள் குடுவையில் இருப்பது எந்த செல் என்று கேட்க ஆள் இருக்காது.