ஊசி போடாமல் அறியும் புற்றுநோய்

உடம்பில் சந்தேகமான கட்டி தெரிந்தால், ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது வழக்கம். குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவில் அதற்கு இடமில்லை. ஊசி குத்திய வழியே செல்கள் கசிந்து, கண்ணுக்குள் அடங்கியிருந்த நோய் வெளியே பரவிவிடலாம். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும் அரிய நோய் இது.

அதனால் மருத்துவர் கண்ணால் பார்த்தே நிலையைக் கணிக்கிறார். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையில் மாட்டிய விளக்கும் கையில் பிடித்த லென்ஸுமாக விழித்திரையை முழுக்கத் தேடுவார். ஓரத்தில் ஒளிந்திருப்பதும் தப்பக்கூடாது என்பதற்காக, சிறு கருவியால் விழியை வெளியிலிருந்து மெல்ல அழுத்துவார். கட்டி 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, பார்வையின் மையத்தை விட்டு விலகியும் இருந்தால் 'ஏ' பிரிவு. கண்ணுக்குள் விதை தூவியதுபோல் துகள்கள் சிதறியிருந்தால் 'சி' அல்லது 'டி'. கண்ணே சிதைந்திருந்தால் 'இ'; அப்போது பெரும்பாலும் கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரியும். பார்வை நரம்பு வழியாக நோய் மூளைப் பக்கம் போகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். சி.டி. ஸ்கேனை முடிந்தவரை தவிர்ப்பார்கள். மரபணுக் கோளாறோடு பிறந்த குழந்தைக்குக் கதிர்வீச்சே இன்னொரு புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம். கண்ணை எடுக்க நேர்ந்தால், நரம்பையும் நீளமாகச் சேர்த்து வெட்டுவார்கள். அதன் வெட்டுமுனையில் புற்றுசெல் இருந்தால் அடுத்தகட்டச் சிகிச்சை தீவிரமாகும்.

2018-இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு நிலைப் பட்டியலில், கட்டி, நிணநீர்க் கணு, பரவல் ஆகியவற்றோடு இந்த நோய்க்கு மரபையும் குறிக்க 'எச்' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். வேறெந்தப் புற்றுநோய்க்கும் அதற்குமுன் தராத இடம் அது. ஆர்பி1 மரபணுவில் பிறவிப் பிழை இருந்தால் மறு கண்ணையும், தம்பி தங்கைகளின் கண்களையும் தொடர்ந்து பார்த்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் குழந்தை முதலில் மருத்துவரிடம் வந்துசேர வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்: அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் அரவிந்த் கண் மருத்துவமனையும் பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ இறங்கிவருகிற குடும்பத்துக்கு அது கூலியை விட்டுச் செய்யும் பயணம். "கண்ணுல பூ விழுந்திருக்கு, தானாப் போயிடும்" என்று யாராவது சொன்னால், அந்தப் பயணம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் 'சி' என்பது 'இ' ஆகிவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னினாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, அதே வாரம் கண் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். கண்மணியை விரித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கப் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.