வீட்டு விலைக்குப் போன நோட்டுகள்
ராபர்ட் கிரம்ப், அமெரிக்கா (பிறப்பு 1943)

படக்கதை வரையச் சொல்லிச் சிறுவன் கிரம்பை விரட்டியவர் அண்ணன் சார்ல்ஸ். வீட்டுப் பூனையை நாயகனாக்கி வரைந்த கதைகளிலிருந்து வந்ததுதான் பிற்பாடு பேர்போன ‘ஃபிரிட்ஸ்’. 1958இல் இருவரும் ‘ஃபூ’ என்ற நையாண்டி இதழைப் போட்டு வீடு வீடாக விற்றார்கள், வியாபாரம் படுத்துவிட்டது.

1968இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரம்பின் ‘ஜாப் காமிக்ஸ்’ முதல் இதழ் வந்தது. பெயருக்குத்தான் முதல். அதற்கு முன்பே ஓர் இதழை வரைந்து முடித்திருந்தார்; மூலப் படங்கள் பதிப்பிக்க வாங்கிப்போனவரோடு காணாமல் போயின. மிஞ்சியவை ஜெராக்ஸ் நகல்கள். அவற்றில் கோடுகள் பதிந்திருந்தன, ஆனால் அடர்கறுப்புப் பகுதிகள் வெளிறிப்போயிருந்தன. அங்கெல்லாம் மறுபடி மை நிரப்பி, ‘பூஜ்ஜியம்’ என்று எண்ணிட்டு வெளியிட்டார். அவர் படங்களில் நிழலைக் கவனியுங்கள்: குறுக்கும் நெடுக்குமான மெல்லிய பேனாக் கோடுகளே சதையாகவும் துணியாகவும் திரள்கின்றன.

எல்லாமே ரசிக்கத்தக்கவை என்று சொல்வதற்கில்லை. பெண்களையும் கறுப்பினத்தவரையும் அவர் வரைந்த விதம் இன்றும் கண்டனத்துக்கு உள்ளாகிறது.

1990களின் தொடக்கத்தில், பழைய வரைநோட்டுகள் சிலவற்றைக் கொடுத்து, தெற்கு பிரான்ஸில் ஒரு வீட்டை வாங்கிக் குடிபெயர்ந்தார். அங்கே உணவகத்தில் சாப்பாடு வரும்வரை, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளிலும் வரைந்துகொண்டிருந்தார்.