காதால் கேட்பதும் பொய்யாகலாம்

பாட்டுக் கேட்காத வீடு நம் தோட்டப்புறத்தில் ஒன்றேனும் உண்டா? முன்பு வானொலிப் பெட்டி இருந்தது, பிறகு கெசட் வந்தது, அதன்பின் பளபளக்கும் இசைத்தட்டு, இப்போது கைத்தொலைபேசி. கருவி மாறியதே தவிர ஆசை மாறவில்லை.

இந்த ஆசையின் வழியாகப் புதிய பொருள் ஒன்று நம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியுள்ளது. மேசைமேல் வைக்கும் சிறு பெட்டி அது. ஒரு பக்கம் கணினி அல்லது கைத்தொலைபேசியை இணைக்க வேண்டும். மறு பக்கம் ஹெட்போனைச் செருக வேண்டும். “இதன் வழியாகக் கேட்டால் பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல் இருக்கும்” என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பட்டணத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் அதை நம்பி, மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள்.

விலையோ சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. 2025ஆம் ஆண்டு நம் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் பாதியை ஒரு பெட்டிக்குக் கொடுக்குமுன், அது சொன்னதைச் செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா? “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்தப் பெட்டிக்கு மிகவும் பொருந்தும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள். முதலாமவர் மாற்றி. கைத்தொலைபேசியில் உள்ள பாட்டு உண்மையில் ஒலியாக இல்லை. எண்களின் வரிசையாக இருக்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு முறையில் ஒரு விநாடிப் பாட்டு, ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்களாக எழுதப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஏதேனும் ஒன்றைக் குறிக்கும். அந்த எண்களைப் படித்து மின்னலையாக மாற்றித் தருவதே மாற்றியின் வேலை. கடைக்காரர்கள் இதை ‘டாக்’ என்பார்கள்.

இரண்டாமவர் ஆம்பிளிபயர். மாற்றி தரும் மின்னலை மிக மெலிந்தது. அதற்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்குவது ஆம்பிளிபயர். ஒலியைக் கூட்டும் குறைக்கும் திருகு இவர் கையில் இருக்கிறது.

இந்த இருவரும் உங்கள் கைத்தொலைபேசிக்குள் ஏற்கனவே இருக்கிறார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை. ஹெட்போன் துளை இல்லாத புதிய தொலைபேசிகளுக்கு ஒரு சாண் நீளத்தில் வாலைப்போல் ஒரு கம்பி விற்கிறார்களே, அவற்றில் பலவற்றின் நுனியிலும் இவ்விருவரும் அடக்கம். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேசைப் பெட்டியில் உள்ள இருவரும், தொலைபேசியில் உள்ள இருவரைவிட நம் காதுக்குத் தெரியும் அளவுக்குத் திறமைசாலிகளா?

காது ஏமாறுவது எப்படி?

அரசாங்கத் தேர்வுத் தாளில் மாணவன் பெயர் எழுதுவதில்லை, எண்தான் எழுதுகிறான். திருத்துபவர் நேர்மையற்றவர் என்பதற்காகவா? இல்லை. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், “இவன் கெட்டிக்காரப் பையன்” என்று தெரிந்துவிட்டால் பேனா தானாக ஒரு மதிப்பெண் கூடப் போட்டுவிடும். காதும் அப்படித்தான்.

1994இல் பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே பெட்டிகளைக் கண்ணால் பார்த்தபடி ஒரு முறையும், திரைக்குப் பின்னால் மறைத்து ஒரு முறையும் கேட்கச் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டு மதிப்பெண்களும் ஒத்துப்போகவில்லை. பெட்டியின் அளவும் தோற்றமும் பெயரும் காதின் தீர்ப்பை மாற்றியிருந்தன.

இரண்டாவது ஏமாற்று, சத்தத்தின் அளவு. 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அறிஞர்கள் ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது அடித்தள ஓசைகள் நம் காதுக்கு அதிகமாகக் குறைந்து கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் அவை எழுந்து வரும். ஆகவே இரண்டு பெட்டிகளில் ஒன்று சற்றே உரக்கப் பாடினாலும், “ஆகா, இதில் தவில் எப்படி அதிர்கிறது!” என்று மனம் சொல்லிவிடும். அதில் பெட்டியின் திறமை ஏதும் இல்லை. திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருகியதுதான் காரணம்.

மாற்றியைப் பற்றியே ஒரு சோதனை உண்டு. 2007இல் மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் அதன் முடிவை வெளியிட்டார்கள். குறுந்தட்டைவிட நுட்பமாகப் பதிவான இசையை ஒரு முறை அப்படியே கேட்கச் செய்தார்கள். மறுமுறை குறுந்தட்டின் தரத்துக்கு இறக்கிக் கேட்கச் செய்தார்கள். எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை விடை சரியாக இருந்தது. காசு சுண்டிப் பார்த்தாலே ஏறக்குறைய 277 வந்திருக்கும்! பின்னர் 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 52 என்ற அளவில் மிகச் சிறிய வேறுபாடு தென்பட்டது. பயிற்சி பெற்ற காதுகள் சற்றுக் கூடுதலாகக் கண்டுபிடித்தன. வேறுபாடு இருந்தாலும் அது எவ்வளவு மெல்லியது என்பதைக் கவனியுங்கள்.

பெயர் சொல்லாத பொறியாளர்

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ‘என்.டபிள்யூ. ஏவி கை’ என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதிவந்த ஒரு பொறியாளர். விலையுயர்ந்த பெட்டிகள் பலவற்றை அளவுக் கருவிகளில் பூட்டிப் பார்த்து, சொன்னபடி அவை நடப்பதில்லை என்று எழுதினார். நாம் பால் நிறுக்கும் இடத்தில், வாளி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. மிதவைக் கருவியை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்துவிடுகிறோம் அல்லவா? அவர் செய்ததும் அதுவே.

குறை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 2011இல் ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்ற ஹெட்போன் ஆம்பிளிபயரைத் தாமே வடிவமைத்தார். அதன் வரைபடத்தை எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி இலவசமாக வெளியிட்டார். 1,000 டாலருக்கு மேல் விலையுள்ள ஒரு புகழ்பெற்ற கருவியோடு அதை ஒப்பிட்டு, எது எதுவென்று தெரியாமல் கேட்டபோது வேறுபாடு காண முடியவில்லை என்று எழுதினார். 2012இல் அதற்குத் துணையாக ஒரு மாற்றியும் அவர் முயற்சியில் வெளிவந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை வெளியாகவில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற பாடம் நிலைத்துவிட்டது: நல்ல ஒலிக்கு நல்ல கணக்கு வேண்டும், பெரிய விலை வேண்டியதில்லை.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரண்டு பேர், ஒரு போர்வை, ஒரு தாள், ஒரு பேனா போதும்.

முதலில், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாதசுரமும் தவிலும் கலந்த இசை நல்லது. உச்ச ஓசையும் அடித்தள ஓசையும் அதில் சேர்ந்தே இருக்கும். இடம் வலம் பிரித்துக் கேட்க ஸ்டீரியோ பாடல் வேண்டும். சிங்கப்பூரில் படமாக்கப்பட்டு 1978இல் வந்த ‘ப்ரியா’தான் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப்படம் என்பார்கள். அதற்கு முந்திய பழைய பாடல்களில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் வரும். அவற்றில் உள்ள இரைச்சல் அந்தக் காலப் பதிவின் இரைச்சல். எந்தப் பெட்டியும் அதைப் போக்காது.

அடுத்து, சத்தத்தைச் சமப்படுத்துங்கள். இதுதான் உயிரான வேலை. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சீரான ஓசையை இரண்டு கருவிகளிலும் ஓடவிட்டு, ஹெட்போன் பூட்டிய நிலையிலேயே மின்சார வேலைக்காரர் வைத்திருக்கும் வோல்ட் மீட்டரால் அளந்து, இரண்டும் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் வேறுபடாதபடி திருகைச் சரிசெய்ய வேண்டும். வயரிங் வேலை தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

பிறகு கருவிகளைப் போர்வையால் மூடுங்கள். ஒருவர் காசு சுண்டி, பூவா தலையா பார்த்து, ஏதேனும் ஒரு கருவியில் ஹெட்போனை மாட்டட்டும். கேட்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, “இது பெட்டி” அல்லது “இது தொலைபேசி” என்று சொல்ல வேண்டும். விடையைத் தாளில் குறித்துக்கொண்டு 10 முறை செய்யுங்கள். 5 அல்லது 6 சரியானால் அது குருட்டு அதிர்ஷ்டம். 9 அல்லது 10 சரியானால் வேறுபாடு உண்மை என்று நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி வர நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. 7 அல்லது 8 வந்தால் இன்னும் 10 முறை செய்து பாருங்கள்.

இதற்குமேல், பாட்டை நிறுத்திவிட்டு மூன்று குறைகளைத் தேடலாம். வழக்கமான சத்தத்தில் திருகை வைத்தால் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறதா? கணினியில் இணைத்தால் ‘ங்ங்’ என்ற முனகல் வருகிறதா? பின்னர் பாட்டை ஓடவிட்டு, திருகை மிகவும் குறைத்தால் ஒரு காதில் மட்டும் ஒலி தேய்ந்துபோகிறதா? இவை எவர் காதுக்கும் தெரியும் குறைகள். இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

யாருக்குத்தான் தேவை?

பெட்டியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஹெட்போன்களில் ‘ஓம்’ என்று ஓர் எண் போட்டிருக்கும். 16, 32 ஓம் உள்ளவை பெரும்பாலும் தொலைபேசியிலேயே நன்றாகப் பாடும். 250, 300 ஓம் உள்ளவற்றுக்குத் தொலைபேசியின் மின்னழுத்தம் போதாமல் ஒலி சோர்ந்துவிடும். அவற்றுக்கு ஆம்பிளிபயர் நல்ல துணை. கணினியின் ஹெட்போன் துளையில் இரைச்சல் வந்தால், வெளியே வைக்கும் மாற்றி அதைத் தீர்க்கக்கூடும். வாங்கும்போது பெட்டியின் வெளியீட்டு ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம். ஒரு ஹெட்போனுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

காது ஒன்றுதான்

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பெட்டிகளுக்கு வலு அதிகம். அந்த வலு காதுக்குப் பகையாகவும் மாறும். பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பகலெல்லாம் புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலிலும் ஆலைச் சத்தத்திலும் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆகவே ஹெட்போனைக் காதில் மாட்டுமுன் திருகை முழுதும் குறைத்துவிட்டு, பிறகு மெல்லக் கூட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் பிள்ளை அத்தகைய பெட்டி வேண்டுமென்று கேட்டால் கோபிக்க வேண்டாம். “சரி” என்று உடனே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையாகப் பார்த்து வாங்கச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து போர்வைச் சோதனையைச் செய்துவிடுங்கள். பத்துக்கு ஒன்பது வந்தால் பெட்டி வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் மறுநாளே கடைக்குத் திரும்பட்டும்.