டொக்! டொக்! யார் அது?

பாரதியாருக்கும் எனக்கும் ஒரே ஒரு ஒற்றுமைதான். இரண்டு பேருக்கும் மாமனார் ஊர் கடையம். அவர் 1918 கடைசியில் இங்கே வந்து இரண்டு வருஷம் போல இருந்தார், கவிதை எழுதினார். நான் வருஷத்துக்கு நாலு தடவை வந்து கார் ரிப்பேர் பார்க்கிறேன்.

கார் என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ண வேண்டாம். 2007 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., வாசலில் நிறுத்தினால் பக்கத்து வீட்டு ஆடு ஏறிப் படுத்துக்கொள்ள வசதியான உயரம். 15 வருஷம் முடிந்து 2022-ல் ஐயாயிரம் ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தபோதே (அந்த ஏப்ரலுக்கு முன்னால் வெறும் 600!) ‘பேசாம வித்துடுங்களேன்’ என்றாள் சகதர்மிணி. நான்தான் கேட்கவில்லை.

போன குற்றால சீஸனில் குடும்பத்தோடு குளித்துவிட்டுத் தென்காசியிலிருந்து கடையம் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தளம்பாறை என்று ஒரு ஊர் வரும். பேர் வைத்தவர் தீர்க்கதரிசி. 60-ல் போகிறேன், முன்னால் பஸ் நின்றது, பிரேக்கை மிதித்தேன்... ஸ்டீயரிங் குளிர் ஜுரக்காரன் கை மாதிரி வெடவெடவென்று ஆடியது. காலை எடுத்தேன். ‘டொக்!’

பின் சீட்டிலிருந்து மாமனார், ‘‘மாப்ளே, யாரோ கதவைத் தட்டுதாங்க’’ என்றார்.

இந்த வியாதிக்கு நான் ஏற்கெனவே வைத்தியம் பார்த்தவன். ஆறு மாசம் முன்னால் டவுனில் ஒரு பட்டறையில் முன் பக்கம் இரண்டு டிஸ்க், நாலு பிரேக் பேட், எல்லாம் புதுசு போட்டார்கள். மூணு மாசம் வெண்ணெய் மாதிரி இருந்தது. பிறகு பழையபடி நடுக்கம். திரும்பப் போனால், ‘‘டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திரலாம். டொக் டொக்னு வருதா? ஸ்டீயரிங் ராக்கையும் மாத்திரலாம்’’ என்றார்கள். அடியேன் பி.காம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடுவோம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் வரைக்கும்தான் அது. இவர்கள் என் காரையே சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டாக்கி, கண்டுபிடிப்பது என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள்!

அடுத்த வாரம் புனலூரில் கல்யாணம். புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாக மலைப்பாதை. இரண்டு குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர். மாமனார் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடையத்திலேயே ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போனார். புளிய மரம், தகரக் கூரை, ஒரு அண்ணாச்சி.

அண்ணாச்சி ஸ்பானரைத் தொடவே இல்லை. முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கி, ஸ்டெப்னி, மாமியார் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் வரை வெளியே எடுத்து வைத்தார். ‘‘பாதி சத்தம் இதுலதான் தம்பி வரும்.’’ அப்புறம் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்தால் வருதா, ஓடும்போதா? முழுசாக ஒடித்துத் திரும்பும்போது ‘கடகட’வென்று வருதா? (வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட்டாம்.) பிரேக் தொடாமலே 70, 80-ல் ஆடுதா? (அது வீல் பேலன்ஸ்.) பிரேக் மிதிக்கும்போது டொக்கா, விடும்போது டொக்கா?

‘‘ரெண்டுக்கும்தான்’’ என்றேன்.

‘‘அப்போ ஏதோ ஒண்ணு முன்னயும் பின்னயும் நடமாடுது. உள்ள ஏறி ஸ்டீயரிங்க ரெண்டு விரக்கடை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிட்டே இருங்க. எஞ்சின் வேண்டாம்.’’

நான் ஆட்டினேன். அவர் பானெட்டுக்குக் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கையால் பிடித்துப் பார்த்தார். எனக்குச் சத்தம் வலது பக்கம் கேட்டது. சொன்னேன். ‘‘காது பொய் சொல்லும் தம்பி. இரும்புல சத்தம் ஓடிரும். கைதான் பொய் சொல்லாது’’ என்றபடி என் கையை இழுத்து இடது பக்க டை ராட் எண்டில் வைத்தார். மாமனார் ஸ்டீயரிங்கை ஆட்ட, என் விரலுக்கடியில் குட்டியாக ஒரு இடி. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். கடிகாரத்தில் 3-ம் 9-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட், ராக் பக்கத்து ஆட்டம் தெரியும். 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. இதில் எது என்று பிரிக்க ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். ஒருத்தர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடி ஆட்டுவது. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். எங்களுக்கு 12-6-ல் ஆட்டமே இல்லை. 3-9-ல் ஆடியது.

ஒரு டொக்குக்கு விடை கிடைத்தது. நடுக்கம்?

ஆள் இல்லாத நேர் ரோட்டில் அவரே ஓட்டினார். 60-லிருந்து கால் பிரேக் போட்டதும் ஸ்டீயரிங் ஆடியது. அடுத்து 40-ல், ஹேண்ட் பிரேக்கின் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடியே லேசாக மேலே தூக்கினார். ஹேண்ட் பிரேக் பின் சக்கர டிரம்முக்கு மட்டும்தான். துளி நடுக்கம் இல்லை. ஆக, கோளாறு முன்னால்தான். (இந்த வித்தையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். சட்டென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.)

டிஸ்க்கைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. ஹப்பும் டிஸ்க்கும் சேருகிற இடத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. புது டிஸ்க் போட்டவர்கள் அதைச் சுரண்டாமலே மேலே வைத்து முடுக்கிவிட்டார்கள். டிஸ்க் தலைமுடி கனத்துக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்துபோனது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு. மூணு மாசம் வெண்ணெய், பிறகு நடுக்கம் என்பதற்குக் காரணம் இதுதான். ‘வளைஞ்சிருச்சு’ என்று அநியாயமாக டிஸ்க் மேல் பழி!

மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே பிரேக்கில் தெரிய ஆரம்பிக்குமாம். அதுவும் என் டை ராட் எண்ட் லொடலொடவென்று இருந்ததால் அந்தச் சின்ன நடுக்கம் தாராளமாக ஸ்டீயரிங் வரை வந்து ஆடியிருக்கிறது. டிஸ்க்கை மட்டும் எத்தனை தடவை மாற்றினாலும் டொக் போயிருக்காது. ராக்கை மாற்றியிருந்தால் நடுக்கம் போயிருக்காது.

‘‘போன தடவை புனலூர்லேருந்து எறங்கையில ரொம்ப பிரேக் பிடிச்சிட்டே வந்தியளோ?’’ என்று கேட்டார். வந்தேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட வேண்டுமாம். சூடான டிஸ்க்கோடு நின்றுகொண்டு பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் பேடின் மருந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, அதுவும் நடுக்கம் கொடுக்கும் என்றார்.

கழற்றிய டை ராட் எண்டை என் உள்ளங்கையில் வைத்தார். குண்டுப் பின் தன் பாரத்துக்கே தொங்கித் தலையாட்டியது. ‘‘இது கழண்டா ஸ்டீயரிங் ஒங்க கையில இருக்கும். சக்கரம் அதும்பாட்டுக்குப் போவும். இத வச்சுக்கிட்டா மலை ஏறப் பாத்திய?’’

மாமனார் என்னைப் பார்க்காமல் புளிய மரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியே இருக்கலாம்.

பழசைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதுசையும் அதே கணக்கில் ஏற்றினார். துருவைச் சுரண்டி, டிஸ்க்கை லேத்தில் லேசாகச் சீவி (புதுசு என்பதால் சீவ இடமிருந்தது), சக்கர நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே நட்டைப் பிடித்து முழுசாக முடுக்கினாலும் டிஸ்க் சாயும். ‘‘எண்ணிப் போட்டேன்னு விட்ராதிய, தென்காசியில அலைன்மென்ட் பாத்திட்டுத்தான் மலைக்குப் போவணும்.’’ கூலி, டவுன் பட்டறை பில்லில் கால்வாசி கூட இல்லை.

மத்தளம்பாறை வரை ஓட்டிப் பார்த்தோம். 60-ல் பிரேக். ஸ்டீயரிங் பூனை மாதிரி சாது. விட்டேன். சத்தமே இல்லை. நான் வெற்றிப் புன்னகையோடு மாமனார் பக்கம் திரும்பவும், ஒரு வேகத்தடை வரவும் சரியாக இருந்தது.

‘டொக்!’

வண்டியை ஓரம் கட்டி, வயிற்றில் புளியைக் கரைக்க இறங்கி, டிக்கியைத் திறந்தேன். திரும்ப எடுத்து வைக்கும்போது ஜாக்கியை அதன் இடத்தில் மாட்டாமல் அப்படியே போட்டவன் நான்தான். சிப்ஸ் பொட்டலத்தின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் அண்ணாச்சி சொல்லித் தரவில்லை.