கடலாமைக்கும் நாற்றுமேடை உண்டு

ரப்பர் விதையைப் பொறுக்கி வந்து வாரக்கணக்கில் மூலையில் போட்டு வைத்தால் அது முளைக்காது. காலத்தே மேடையில் ஊன்றி, நிழல் தந்து, நீர் விடவேண்டும். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலாமையின் முட்டையைக் காப்பதும் இத்தகைய பணியே.

திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரை ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஆமைகளுள் மிகப் பெரியதும், பெலிம்பிங் பழத்தைப்போல் முதுகில் வரிகள் கொண்டதுமான தோல்முதுகு ஆமை அங்குக் கரையேறி முட்டையிட்டது. 1950ஆம் ஆண்டுகளில் ஓராண்டில் ஏறக்குறைய 10,000 கூடுகள் இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. முட்டைகளை நெடுங்காலம் அள்ளி விற்றதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டதும் இதற்கு முக்கியக் காரணங்களாகும்.

1961 முதல் முட்டைகளில் ஒரு பகுதியை வேலியிட்ட பொரிப்பிடத்தில் புதைத்துக் காத்தனர். ஆனால், கூட்டின் வெப்பமே குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்டால் பெண்ணே மிகுதியாகப் பொரிக்கும். வெயில் காய்ந்த மணலில் பொரித்தவை பெரும்பாலும் பெண்களே எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையும் தெரியவேண்டும் என்பதே அது தந்த பாடம்.

அம்முறை யாது? காவலர் இரவில் விளக்கின்றிக் கரையோரம் நடந்து, தாய் ஆமை முட்டையிட்டு முடிக்கும்வரை தொலைவில் காத்திருப்பர். கூடு பத்திரமான இடத்தில் இருந்தால் அங்கேயே விட்டுக் காவல் காப்பர். அலை எட்டும் இடமாயின், சில மணி நேரத்துக்குள் முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, அதே ஆழத்தில், நிழலுள்ள இடத்தில் புதைப்பர். நேரம் கடந்தால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் மடிந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சமான கடலை நோக்கித் தாமே ஊர்ந்து செல்லும். கரையில் விளக்கெரிந்தால் அவை வழி தவறும்.

ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கரையில் 1993இல் தொடங்கிய இத்தகைய காவல் பணியை இன்று மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. பச்சை ஆமைகள் அங்கு இன்றும் முட்டையிடுகின்றன.

தோட்டத் தோழர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. திரங்கானுவில் 2022 முதல் எல்லாவகை ஆமை முட்டை விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளது. மருந்தென்று எவர் சொல்லினும் ஆமை முட்டையை வாங்கவேண்டாம். விடுமுறையில் கிழக்குக் கரைக்குச் செல்வோர் இரவில் ஆமையைச் சூழ்ந்து விளக்கடிக்கவேண்டாம். பிளாஸ்டிக் பைகளைக் கரையில் வீசவேண்டாம்.

ரப்பர் கன்று ஆறேழு ஆண்டில் பால் வெட்டுக்கு வந்துவிடும். பச்சை ஆமைக்குஞ்சு தாயாகிக் கரை திரும்ப இருபது ஆண்டுக்கு மேலாகும். இன்று நாம் உண்ணாமல் விட்ட முட்டையின் பலனைக் காணப்போகிறவர்கள் நம் பிள்ளைகளே.